கூட யார் இருக்கிறார்கள்

டெல்ஃபினாவுக்கு அடிவயிற்றில் வலி தொடங்கி இரண்டு நாளாகியும் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கருவாட்டுத் தட்டிகளைத் திருப்பிப் போடும்போது இடது பக்கம் சுரீரென்று இழுத்தது. குனிந்தவள் நிமிர முடியாமல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் பன்றிக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த பெலேன் அதைப் பார்த்துவிட்டாள்.

பெலேன் அவளுடைய நாத்தனார், கணவன் ருவெலுக்கு மூத்தவள். தீவில் மூத்தவளை மனாங் என்றுதான் கூப்பிடுவார்கள். டெல்ஃபினாவும் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறாள். ருவெல் சரக்குக் கப்பலில் இருப்பவன். போன புனித வாரம் முடிந்த கையோடு கப்பலேறினான். அவன் இல்லாத மாதங்களில் டெல்ஃபினாவுக்குத் தலைவலி என்றால் இஞ்சித் தண்ணீர் கொண்டுவருவதும், கூரைத் தகரம் பறந்தால் ஆள் பிடித்து அடிக்கச் சொல்வதும் பெலேன்தான். அவளுக்கு ஐந்து பிள்ளைகள். டெல்ஃபினாவுக்கு ஒன்றும் இல்லை. அதைச் சொல்லி ஊரில் யாராவது குத்தலாகப் பேசினால் முதல் ஆளாய்ச் சண்டைக்குப் போவதும் பெலேன்தான்.

அப்படிப்பட்டவளிடம் வயிற்றுவலியை மறைக்க முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தவள், முகத்தைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், நட என்றாள்.

வாடைக்காற்று மும்முரமாக இருந்த காலம். பலினாவ் தீவிலிருந்து பெரிய தீவுக்கு இரண்டு நாளாகப் படகு போகவில்லை. நர்ஸ் வேலை, பிரசவம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்ப் பார்க்கிற அராசெலி, ஊர் மன்றக் கட்டடத்துக்கு அவர்களைக் கூட்டிப்போனாள். மாகாண ஆஸ்பத்திரி டாக்டரைத் திரையில் பார்க்க அங்கேதான் முடியும். தீவில் சிக்னல் ஒழுங்காக எடுக்கிற ஒரே கூரை அது. அதனாலேயே அந்தத் தாழ்வாரத்தில் எப்போதும் கூட்டம். பாடம் எழுதுகிற பிள்ளைகள், போனில் சேவல் சண்டை பார்க்கிற கிழவர்கள், கப்பலில் இருக்கிற புருஷன்மாரோடு பேசுகிற பெண்கள். உள்ளே ஒட்டுப்பலகை வைத்து ஒரு மூலையை மறைத்து, ஒரு மேஜையும் மூன்று நாற்காலியும் போட்டிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் மேஜை அதிர்கிற மாதிரி இருக்கும்.

திரையில் வந்த டாக்டர் எஸ்பினார் சின்ன வயதுக்காரியாக இருந்தாள். தூக்கம் கெட்ட கண். ஆனால் அவசரப்படவில்லை.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சில விஷயம் சொல்லணும், கேட்டுக்கோங்க," என்றாள். "நாம பேசப்போறது இந்தத் திரை வழியாத்தான். என்னால உங்க வயித்தத் தொட்டுப் பாக்க முடியாது. நேர்ல பாத்தா தெரியுற ஒண்ணு இதுல எனக்குத் தெரியாமப் போகலாம். வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம், அதுக்காக யாரும் உங்களக் கோவிச்சுக்க மாட்டாங்க. இப்படிப் பாக்கறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

டெல்ஃபினா சம்மதம் என்றாள். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிப் பழகிய வாய்.

"கூட யார் இருக்காங்க?"

அராசெலியையும் பெலேனையும் சொன்னாள். நாத்தனார் பக்கத்தில் இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று டாக்டர் கேட்டாள். பெலேன் டெல்ஃபினாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கை முழங்கையில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்கார்ந்துகொண்டு, இவள் இருக்க வேண்டாம் என்று எந்த வாய் சொல்லும்? ஆட்சேபம் இல்லை என்றாள் டெல்ஃபினா.

வலி எங்கே, எப்போதிலிருந்து, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா என்றெல்லாம் கேட்ட பிறகு, கடைசியாக எப்போது தூரமானீர்கள் என்று டாக்டர் கேட்டாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் என்று டெல்ஃபினா பொய் சொன்னாள். குரல் இயல்பாகத்தான் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கர்ப்பமா இருக்க வாய்ப்பு உண்டா?"

பெலேன் சிரித்துவிட்டாள். "என் தம்பி கப்பலேறி ஒரு வருஷம் ஆகப்போகுது டாக்டர். அங்கிருந்து பார்சல்ல அனுப்பினாத்தான் உண்டு."

பலகைக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரித்தார்கள். டாக்டரும் லேசாகச் சிரித்தாள். ஆனால் கேள்வியை விடவில்லை. "அவங்க சொல்லட்டும், மனாங். டெல்ஃபினா, வாய்ப்பு உண்டா?"

இல்லை என்றாள்.

எதற்கும் ஒரு முறை சிறுநீரைச் சோதித்துவிடலாம் என்றாள் டாக்டர். சோதனைப் பட்டைகள் தீர்ந்துவிட்டன, அடுத்த படகில்தான் வரும் என்றாள் அராசெலி. அப்படியானால் காற்று தணிந்ததும் நேரில் வந்துவிடச் சொல்லி, டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதினாள். தலை சுற்றினால், வலி கூடினால், தோள்பட்டையில் வலித்தால் காத்திருக்கவே கூடாது என்று அழுத்திச் சொன்னாள். தோள்பட்டைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று வழியெல்லாம் பெலேன் கேலி பேசிக்கொண்டு வந்தாள்.

டெல்ஃபினா நாட்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். போன வருடக் கடைசியில் தீவுக்குப் படகுத்துறை கட்ட ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டது அவள்தான். மேஸ்திரி டாரியோ சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே கழுவி வைப்பான். அதுதான் முதலில் அவள் கண்ணில் பட்டது. பிறகு மழையில் வேலை நின்றுபோன நாட்களில் அவன் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேலை முடிந்து ஆட்களோடு போய்விட்டான். போன் எண் கொடுத்தான்; அவள் ஒரு முறை கூப்பிட்டாள், ஒரு பெண் குரல் எடுத்தது, வைத்துவிட்டாள்.

நாள் தள்ளிப்போனபோது முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் பயம் மட்டுமா என்றால் அதுவும் இல்லை. பன்னிரண்டு வருடமாக ஊர் அவளுக்கு வைத்திருந்த பெயர் பொய் என்று அவளுடைய உடம்பே சொல்லிவிட்டது. குளிக்கும்போது வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். என்ன செய்வது என்று யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லை என்று அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளாடையில் ரத்தத் துளி பட ஆரம்பித்தது, வலி வந்தது.

மறுநாள் காலை காற்று தணிந்தது. டெல்ஃபினா துணி பிழிந்துகொண்டிருந்தபோது இடது தோளின் உச்சியில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல ஒரு வலி. கொடிக் கயிறு இரண்டாகத் தெரிந்தது. ஈரத் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்து, பிறகு வேலியைப் பிடித்து அராசெலியைத் தேடி நடந்தாள். பெலேன் சந்தைப் பக்கம் போயிருந்தாள்.

அராசெலி அவளைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். டாக்டரிடம் உடனே பேச வேண்டும் என்றாள். டெல்ஃபினா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தான் மட்டும் தனியாகப் பேச முடியுமா என்று கேட்டாள். அராசெலி பெலேனின் ஞானமகள், பெலேன்தான் அவளுக்கு ஞானஸ்நானத் தாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு.

"நானும் வெளியிலயா?" என்று கேட்டாள் அராசெலி.

"கோவிச்சுக்காத."

அராசெலி முகத்தில் கோபம் இல்லை, யோசனைதான். தாங்கிப் பிடித்து மன்றத்துக்குக் கூட்டிப்போய், தாழ்வாரத்தில் இருந்தவர்களைத் தள்ளிப் போகச் சொன்னாள். பிள்ளைகள் போனார்கள். கிழவர்கள் ஆட்டம் முடியட்டும் என்று அசையாமல் இருந்தார்கள். பலகை பலகையாகவே இருந்தது. அராசெலி தன் கழுத்தில் தொங்கிய இயர்போனைக் கழற்றி டெல்ஃபினாவின் காதில் மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

திரையில் டாக்டர் எஸ்பினார் வந்தாள். நேற்றுக் கேட்டதையே மறுபடி கேட்டாள், கூட யார் இருக்கிறார்கள் என்று. டெல்ஃபினா தலையை ஆட்டினாள், யாரும் இல்லை. பிறகு பலகையைக் கை காட்டினாள். காதைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பக்கம் இரண்டு சேவல்கள் ஒன்றை ஒன்று கொத்துகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "நீங்க வாயே திறக்க வேண்டாம். நான் பேசறது உங்க காதுல மட்டும்தான் விழும். நான் கேக்கறேன், நீங்க தலைய ஆட்டுங்க. இப்படிப் பேசச் சம்மதமா?"

ஆட்டினாள். அந்தச் சம்மதம் நேற்றுச் சொன்ன சம்மதம் மாதிரி இல்லை. கழுத்தெல்லாம் கனத்தது.

"தோள்ல வலிக்குதா?"

ஆம்.

"நேத்து கேட்டதையே கேக்கறேன். கர்ப்பமா இருக்க வாய்ப்பு உண்டா?"

டெல்ஃபினா கேமராவைப் பார்க்கவில்லை. மேஜையில் யாரோ கத்தியால் கீறிய பெயரைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். எத்தனை வாரம் தள்ளியிருக்கிறது என்றதற்கு விரலைக் காட்டினாள். ரத்தம் பட்டதா என்றதற்கும் ஆட்டினாள். திரையில் இருந்தவள் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. யார் என்று கேட்கவில்லை. குரல்கூட மாறவில்லை.

"கரு கர்ப்பப்பையில தங்காம, பக்கத்துக் குழாய்ல தங்கியிருக்கலாம்னு நெனைக்கிறேன். உள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கே, இப்பவே நீங்க இங்க வந்தாகணும். இதுல உயிர் போற ஆபத்து இருக்கு, மறைக்கல. ஆனா வந்துட்டீங்கன்னா காப்பாத்த முடியும்."

டெல்ஃபினா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. படகுல அராசெலி கூட வரணும். கையில ஊசி ஏத்தி, பாத்துக்கிட்டே வரணும். அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சாத்தான் சரியாப் பாத்துக்க முடியும். நீங்க சொன்னாத்தான் அவங்ககிட்ட சொல்லுவேன். சொல்லலாமா?"

இதற்குத் தலை ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையை நினைத்தாள். அதில் பெலேனுக்குப் பக்கத்தில் அராசெலி உட்காருவதையும், ருவெலின் படம் மாட்டியிருக்கிற சுவரையும் நினைத்தாள். செத்துப்போனால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதோடு கூடவே, செத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றும் தோன்றியது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவள் மேஜைக்கு மேலே ஒரு கை இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது.

"சொல்லுங்க," என்றாள் டெல்ஃபினா. அது வாய்விட்டே வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அராசெலி டாக்டரோடு பேசி முடித்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. படகுக்காரனை எழுப்பினாள், ஊசியேற்றினாள், பலகை போட்டுப் படுக்க வைத்தாள். படகைத் தள்ளுகிற நேரத்தில் சந்தைக் கூடையோடு பெலேன் ஓடிவந்தாள். கூடையைக் கரையிலேயே வைத்துவிட்டு, பாவாடை நனைய ஏறிக்கொண்டாள். என்ன என்று அராசெலியைக் கேட்டாள். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு, அறுவை செய்ய வேண்டும் என்றாள் அராசெலி. எதனால் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் சொல்வார்கள் என்றாள். பெலேன் தன் தோளில் கிடந்த துண்டால் டெல்ஃபினாவின் முகத்துக்கு வெயில் மறைத்துக்கொண்டே ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள். நேற்று மாத்திரையை ஒழுங்காகப் போட்டாயா என்று நடுநடுவே திட்டினாள். டெல்ஃபினா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தத் திட்டைக் கேட்பது கத்தியைவிடக் கொடுமையாக இருந்தது.

அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு பக்கத்துக் குழாயை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நிறைய ரத்தம் ஏற்றினார்கள். கண் விழித்தபோது வாய் காய்ந்திருந்தது. வயிற்றில் கட்டு. அதற்கு அடியில் இருந்தது இனி இல்லை என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. அழுகை வந்தது, அழுதால் தையல் வலித்தது.

பெலேனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. டெல்ஃபினாவைக் கொண்டுபோய்ப் போட்ட வார்டில் ஒரு பக்கம் பிள்ளைத்தாய்ச்சிகள், ஒரு பக்கம் பெற்றவர்கள், நடுவில் பெற முடியாமல் போனவர்கள். ஐந்து பெற்றவளுக்கு அது எந்த வார்டு என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது.

பெலேன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் சிரிச்சேன்," என்றாள். "அந்தப் பொண்ணு உங்கிட்டதான் கேட்டா. நான் முந்திக்கிட்டுச் சிரிச்சேன்."

"மனாங்..."

"பேசாத. நான் சிரிக்காம இருந்தா நீ அன்னைக்கே உண்மையச் சொல்லியிருப்பியா?"

டெல்ஃபினா யோசித்தாள். இந்த ஒன்றிலாவது பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். "நீங்க பக்கத்துல இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

பெலேன் தலையை ஆட்டிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். ஊர்ல குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிக்கிறேன். அராசெலியும் வாயத் திறக்க மாட்டா, அவள எனக்குத் தெரியும். ஆனா அவன் என் தம்பி. என்கிட்ட அதுக்கு மேல எதிர்பாக்காத." தலைமாட்டில் ஒரு பொட்டலம் ரொட்டியும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்துவிட்டு, மதியப் படகுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் டாக்டர் எஸ்பினார் நேரில் வந்தாள். திரையில் தெரிந்ததைவிடக் குள்ளம்; ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். தையலைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டெல்ஃபினாவின் கணவன் ஏதோ துறைமுகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான் என்றாள். அக்கா குடல்வால் என்கிறாள், ஆனால் அழுகிறாள், உண்மையில் என்ன அறுவை என்று கேட்டானாம்.

"உங்க அனுமதி இல்லாம எதுவும் சொல்ல முடியாதுன்னு சொன்னேன். நல்லாக் கத்தினார். பரவால்ல. மறுபடி கூப்பிடுவார். நான் என்ன சொல்லட்டும்?"

குடல்வால் என்றே சொல்லிவிட முடியுமா என்று டெல்ஃபினா கேட்டாள். பொய் சொல்ல மாட்டேன், சொல்லாமல் இருப்பேன், அவ்வளவுதான் என்னால் முடியும் என்றாள் டாக்டர். நீங்கள் எழுதி வைத்திருப்பதை யார் யார் பார்ப்பார்கள் என்று டெல்ஃபினா அப்போதுதான் கேட்டாள். இங்கே அவளைப் பார்க்கிற டாக்டர்களும் நர்ஸ்களும், அங்கே அராசெலியும், வேறு யாருமில்லை என்றாள் டாக்டர். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம் என்றாள் டெல்ஃபினா. நானும் முதலிலேயே சொல்லியிருக்கலாம், நாத்தனாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்றாள் டாக்டர்.

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் டாக்டர். நானே பேசிக்கிறேன்."

சாயங்காலம் ருவெல் கூப்பிட்டான். அவன் முகம் கறுத்து இளைத்திருந்தது. பின்னால் கப்பலின் வெள்ளைச் சுவர். உடம்பு எப்படி என்றுதான் முதலில் கேட்டான். அது அவளை நிலைகுலைய வைத்தது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று அவனைக் கேட்டாள். ஒருத்தன் இருக்கிறான், ஏன் என்றான். தனியான இடத்துக்குப் போகச் சொன்னாள். அவன் கேபினுக்குப் போய்க் கதவைச் சாத்துகிறவரை காத்திருந்தாள்.

பிறகு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவன் குறுக்கே பேசவில்லை. யார் என்று மட்டும் ஒரு முறை கேட்டான், சொன்னாள். குழந்தை என்ற சொல்லை அவள் சொன்னபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பெலேனுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும். யார்கிட்டயும் சொல்லல."

"எனக்குக்கூடச் சொல்லலயே," என்றான். அதை அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று அவளுக்கு விளங்கவில்லை. கப்பல் கிளம்பப் போகிறது, இனி சிக்னல் இருக்காது, வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டான். எப்போது வருவான் என்று சொல்லவில்லை. புனித வாரத்துக்கு முடிய வேண்டிய ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டான் என்று பிறகு கம்பெனியிலிருந்து செய்தி வந்தது.

அவள் தீவுக்குத் திரும்பிய நாளில் புதுப் படகுத்துறையில் அராசெலி மட்டும் நின்றாள். தோளைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாள். வழியில் பார்த்தவர்கள் குடல்வாலைப் பற்றி விசாரித்தார்கள், தங்களுக்குத் தெரிந்த குடல்வால் கதைகளைச் சொன்னார்கள். டெல்ஃபினா எல்லோருக்கும் பதில் சொன்னாள். அராசெலியிடம் மட்டும் அவளால் எதுவும் பேச முடியவில்லை, அராசெலியும் கேட்கவில்லை. கட்டு எப்போது பிரிக்க வேண்டும் என்பதை இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

முற்றம் பெருக்கியிருந்தது. அன்று வாளியில் போட்டுவிட்டுப் போன துணிகளை யாரோ அலசி, உலர்த்தி, மடித்து வாசல்படியில் வைத்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெலேன் முதுகைக் காட்டிக்கொண்டு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். மனாங் என்று டெல்ஃபினா கூப்பிட்டாள். விறகு அடுக்கிய கை நின்றது. திரும்பவில்லை. அடுத்த கட்டையை எடுத்து வைத்தாள். டெல்ஃபினா துணிகளைக் குனிந்து எடுத்துக்கொண்டு, தையல் இழுக்காமல் மெதுவாக நிமிர்ந்து, உள்ளே போனாள்.